தண்ணீரில் இறங்காத கடற்பறவை

கடலை நம்பிப் பிழைக்கும் பறவைக்குக் கடலில் இறங்க முடியாது என்றால் யார் நம்புவார்கள்? பிரிகேட் பறவையின் சிறகு விரிந்தால் இரண்டு மீற்றருக்கு மேல். ஆனால் அது நனைந்தால் ஊறிவிடும். அலையில் இருந்து இளைப்பாற வழியில்லை. மேலே பாயும் மீனைக் கொத்தும், அல்லது மற்றப் பறவைகளைத் துரத்திப் பறிக்கும். கள்ளன் என்றுதான் பெயர். பசி யாரை விட்டது! கலாபகோஸ் தீவுகளில் இவற்றின் தலையில் கருவி பொருத்தி ஆராய்ந்தவர்கள், பறந்தபடியே நாளுக்கு ஏறத்தாழ 42 நிமிடம் தூங்குவதாக 2016இல் எழுதினார்கள்.

இதில் ஓர் இனம் உலகிலேயே ஒரேயொரு இடத்தில்தான் கூடு கட்டும்: யாவாவுக்குத் தெற்கே, அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்மஸ் தீவில். முட்டை ஒன்றே ஒன்று. 2005இல் ஒரு தாய், குஞ்சுக்கு இரை தேடி 26 நாட்கள், சுமார் 4,000 கிலோமீற்றர், சுமாத்திரா, போர்ணியோ என்று சுற்றித் திரும்பியது.

2009இல் அதே தீவின் தடுப்புமுகாமில், படகேறிய எங்கள் சனமும் இருந்தது. கறுப்பு உடல், பிளந்த வால், ஆணென்றால் வயிற்றில் வெள்ளைத் திட்டும் தொண்டையில் சிவப்புப் பையும். அங்கிருந்தவர் யாராவது இதை வாசித்தால், கண்டீர்களா என்று எழுதுங்கள்.