முதலில் வழியா, விலாசமா?

போன மாதம் தம்பி மகன் பாரீசிலிருந்து வந்திருந்தான். நெட்வொர்க் எஞ்சினியர். "பெரியப்பா, நீங்க பிரெஞ்சுல படிச்சவங்க, இதைப் பாருங்க" என்று லூயி பூஸான் என்பவரைப் பற்றிய கட்டுரை ஒன்றைக் கொடுத்தான். இரண்டு நாள் படித்தேன். கடைசியில் என் பழைய ஆபீஸ் நினைவுதான் வந்தது.

1970-களின் தொடக்கத்தில் பிரான்சில் 'சிக்லாத்' என்ற கணினி வலையை அமைத்தவர் பூஸான். செய்தியைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்ப வேண்டும் என்பதில் அப்போது இரு தரப்புக்கும் தகராறில்லை. எப்படி அனுப்புவது என்பதில்தான் சண்டை.

தபால் தந்தி இலாகாவின் எஞ்சினியர்கள், முதலில் வழியை நிச்சயம் செய்ய வேண்டும் என்றார்கள். வழியிலுள்ள ஒவ்வொரு நிலையமும் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு பொட்டலத்துக்கு முழு விலாசம் வேண்டாம், ஒரு சிறு எண் போதும். எல்லாம் வரிசையாகப் போய்ச் சேரும்.

பூஸான் வேறு மாதிரி சொன்னார். ஒவ்வொரு பொட்டலத்திலும் முழு விலாசத்தை எழுது. திறந்திருக்கும் வழியில் அது போகட்டும். முன்னே பின்னே வரலாம், சில தொலையலாம். அடுக்குவதும், வராததைத் திரும்பக் கேட்பதும் இரு முனைகளில் உள்ள கணினிகளின் பொறுப்பு. இந்தப் பொட்டலத்துக்குப் பெயர் 'டேட்டாகிராம்'.

கட்டுரையில் பாதி வரை நான் இலாகா பக்கம்தான் இருந்தேன். 33 வருஷம் குமாஸ்தா அல்லவா! ரிஜிஸ்டர், வரிசை, நம்பர் இல்லாமல் எதுவும் நகரக்கூடாது என்று வளர்ந்தவன்.

அப்போதுதான் அந்த அம்மா ஞாபகத்துக்கு வந்தார். புருஷன் இறந்து குடும்ப பென்ஷனுக்காக வந்தவர். ஃபைல் ஐந்து மேசை தாண்ட வேண்டும். மேலே நம்பர் மட்டும்தான். நடுவில் ஒருவர் மாற்றலாகிப் போனார். அவருடைய ரிஜிஸ்டர் பீரோவுக்குள், சாவி அவரோடு. அந்த நம்பர் யாருடையது என்று அடுத்த மேசைக்குத் தெரியவில்லை. நாலு மாதம் அந்த அம்மா நடந்தார். "மூவ்மென்ட்ல இருக்கும்மா" என்று நானும் ஒவ்வொரு முறையும் சொன்னேன். எங்கும் நகரவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஐந்தாம் மாதம் ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதி வந்தார்: புருஷன் பெயர், வேலை, இறந்த தேதி, வீட்டு விலாசம். புதிதாக வந்த பையன் அதை நேரே அதிகாரியிடம் கொண்டு போனான். முறைப்படி வரவில்லை என்று அவனிடம் சண்டை போட்டவன் நான். அந்த மாதமே உத்தரவு கிடைத்தது.

பிரான்சில் முதலில் ஜெயித்தது இலாகாதான். 1976-ல் அவர்கள் முறை 'எக்ஸ்.25' என்ற பெயரில் சர்வதேச விதியானது. 1978-ல் அதை வைத்து 'டிரான்ஸ்பாக்' வலை திறந்தார்கள். பூஸானின் வேலைக்கு அரசுப் பணம் நின்றது. டிரான்ஸ்பாக் மட்டம் என்று சொல்ல மாட்டேன். அதன் மேல்தான் மினிடெல் ஓடியது. 1986-ல் பாரீசில் தம்பி வீட்டில் அந்தச் சின்னப் பெட்டியில் டெலிபோன் நம்பர் தேடிப் பார்த்து அசந்து போனேன். 2012 ஜூன் 30 வரை அது இருந்தது.

ஆனால் அமெரிக்காவில் விண்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் இணையத்தின் விதிகளை வகுத்தபோது டேட்டாகிராம் வழியையே எடுத்துக்கொண்டார்கள். பூஸானோடு வேலை செய்த ஜெரார் லெலான் அங்கே போய் செர்ஃபோடு உழைத்திருக்கிறார். இன்று இந்தப் பதிவு உங்களிடம் வருவதும் அப்படித்தான்: ஒவ்வொரு பொட்டலமும் தன் விலாசத்தைத் தானே சுமந்துகொண்டு. 2013-ல் இங்கிலாந்து ராணி பெயரிலான பொறியியல் பரிசு செர்ஃப், கான் ஆகியோருடன் பூஸானுக்கும் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 80-க்கு மேல்.

எங்கள் தெருவில் மனு எழுத இப்போதும் என்னிடம்தான் வருகிறார்கள். முன்பெல்லாம் "மேற்படி எண் காண்க" என்று ஒரு வரியோடு முடிப்பேன். இப்போது எத்தனையாவது மனுவானாலும் பெயரிலிருந்து விலாசம் வரை முழுக்க எழுதுகிறேன். கை வலிக்கத்தான் செய்கிறது.