பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே

எங்கள் காட்டேஜில் காலை பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்துகொடுக்க வேண்டும். பகல் ஒரு மணிக்கு அடுத்தவர்கள் வருவார்கள். நடுவில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் எங்கள் தொழில். மற்றதையெல்லாம் மலையும் மழையும் பார்த்துக்கொள்ளும்.

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம், சுமார் 4,000 அடி உயரத்தில் இருக்கிறது எங்கள் காப்பித் தோட்டம். கொடைக்கானல் இன்னும் 3,000 அடி மேலே. அங்கே போகிற கூட்டம் இங்கே வராது. இங்கே ஏரி இல்லை, படகு இல்லை, குதிரை இல்லை. வருகிறவர்கள் முதல் நாள் சாயங்காலம் தவறாமல் கேட்பார்கள்: “இங்க பாக்கறதுக்கு என்னங்க இருக்கு?” இருபது வருடத்துக்கு மேலாக நானும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன்: “ஒண்ணுமில்லீங்க. ரெண்டு நாள் இருந்து பாருங்க.”

விரும்பி வந்த தொழில் இல்லை இது. அப்பா காலத்தில் இந்த மலையெல்லாம் மலைவாழை. முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாகப் படுத்துவிட்டது. அப்பா காப்பியையும் மிளகையும் நம்பினார். காப்பி எங்கோ இருக்கிற ஊர்களுக்குக் கட்டுப்பட்ட பயிர். 1994-ல் பிரேசிலில் உறைபனி விழுந்தது, காப்பி விலை ஏறி எங்கள் ஊரில் கல்யாண மண்டபங்கள் நிரம்பின. நானும் அந்தச் சூட்டில் கடன் வாங்கிப் புதுக் கன்று நட்டேன். கன்று காய்க்கத் தொடங்கிச் சில வருடங்களில், 2001-ல், உலகம் முழுக்கக் காப்பி மலிந்து விலை தரைக்கு வந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை. அப்போதுதான் மதுரையிலிருந்து வந்த ஒரு நண்பர் அப்பா கட்டிய ஓட்டு வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து, “இந்த ஒரு ராத்திரிக்கு ஆயிரம் ரூபாய் குடுப்பாங்க, தெரியுமா?” என்றார். சிரித்தேன். அடுத்த வருடம் அதே வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மூன்று வீடுகள். அப்பா கட்டியது பெரிய வீடு. மிளகு மூட்டை அடுக்கிய பழைய ஸ்டோரைத் திருத்தியது களத்து வீடு. பிறகு கட்டியது மேட்டு வீடு. பெயர் வைக்க யோசிக்கவில்லை. வேலைக்காரர்கள் எப்படிச் சொன்னார்களோ அப்படியே நின்றுவிட்டது.

விடிவதற்கு முன்னால் என் முதல் வேலை ஊற்றைப் பார்ப்பது. சோலைக்குள்ளிருந்து ஓஸ் பைப்பில்தான் தண்ணீர் வருகிறது. ராத்திரி காட்டுமாடு மிதித்தால் பைப் நசுங்கும். இலை அடைத்தால் நின்றுவிடும். காற்றுப் பிடித்தால் கழற்றி வாயால் உறிஞ்சித்தான் சரிசெய்ய வேண்டும். விருந்தாளி பல் துலக்கக் குழாயைத் திறக்கும்போது தண்ணீர் வர வேண்டும். அதற்கு முன்னால் ஒரு கிழவன் காட்டுக்குள் அட்டைக்கடி வாங்கியது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அப்புறம் வெந்நீர் அடுப்பு. நனைந்த சில்வர் ஓக் விறகு புகையுமே தவிர எரியாது. ஆவணியிலேயே விறகை அடுக்கி மூடாதவன் கார்த்திகையில் விருந்தாளியிடம் பேச்சு வாங்குவான்.

ஐப்பசியும் கார்த்திகையும் எங்களுக்குச் சோதனை மாதங்கள். வடகிழக்குப் பருவமழைதான் எங்களுக்குப் பெருமழை. மூடுபனி இறங்கினால் படுக்கை விரிப்பு மூன்று நாளானாலும் காயாது. கட்டிலுக்கு இரண்டு செட் போதும் என்று தொடங்கினோம். இப்போது ஐந்து வைத்திருக்கிறோம். பங்குனியில் நல்ல மழை ஒன்று பெய்தால் ஒன்பது பத்து நாளில் காப்பி மொத்தமும் ஒரே சமயத்தில் பூக்கும். மலை முழுக்க மல்லிகை கொட்டினது போல மணம். இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். அந்தச் சமயம் வந்து மாட்டிக்கொண்டவர்கள் மறுபடி “பாக்கறதுக்கு என்ன இருக்கு” என்று கேட்பதில்லை.

சரி, அந்த இரண்டு மணி நேரத்துக்கு வருவோம். விருந்தாளி வண்டி கேட்டைத் தாண்டியதும் முதலில் ஜன்னல்களைத் திறக்க வேண்டும். துடைப்பத்தை எடுப்பது அதற்குப் பிறகுதான். போனவர்களின் சென்ட், சிகரெட், பொரித்த மீன் எல்லாம் வெளியே போன பிறகுதான் அறையில் என்ன அழுக்கு என்பதே தெரியும். அடுத்தது கட்டிலுக்கு அடியில் பார்ப்பது. சார்ஜர், ஒற்றைச் சாக்ஸ், பிள்ளைகளின் கார் பொம்மை கிடைக்கும். ஒரு தடவை முழு செட் பல் கிடைத்தது. டப்பாவில் போட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினோம். அந்தப் பெரியவர் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கி, அங்கேயே மாட்டிக்கொண்டு, “இப்பத்தாங்க பேச்சு வருது” என்று ஃபோனில் நன்றி சொன்னார்.

ஒரு மே மாதம். தொழில் தொடங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. எட்டு இளைஞர்கள் களத்து வீட்டில் ஒரு ராத்திரி தங்கினார்கள். காலையில் போய்ப் பார்த்தால் காப்பி காயப்போடும் களம் முழுக்க பாட்டில் சில்லு. மெத்தையில் வாந்தி. எங்கள் வீட்டில் சமைக்கிற அம்மா கவனிக்காமல் காலை வைத்துவிட்டார். குதிகாலில் நாலு தையல். அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நானும் என் வீட்டுக்காரியும் உட்கார்ந்து சில்லு பொறுக்கினோம். பொறுக்கப் பொறுக்கக் கோபம் ஏறியது.

ஒரு மணிக்கு வந்தவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி. கல்யாணமாகி நாற்பது வருடம் என்று மூன்று ராத்திரி தங்க வந்திருந்தார்கள். கேட்டிலேயே நிறுத்தினேன். குடிக்கக் கூடாது, சத்தம் கூடாது, உடைத்தால் காசு, முன்பணம் இப்போதே வேண்டும் என்று அடுக்கினேன். அந்த அம்மா கையில் வைத்திருந்த பூப்பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் காலையிலேயே பெட்டியோடு நின்றார்கள். “நாங்க என்னங்க தப்பு செஞ்சோம்?” என்று மட்டும் அந்த அம்மா கேட்டார். மீதிப் பணத்தை நான் நீட்டியபோது வாங்கிக்கொள்ளவில்லை.

அவர்கள் வண்டி மறைந்ததும் என் வீட்டுக்காரி சொன்னாள்: “போனவன் எச்சில் இலையிலயே வந்தவங்களுக்குச் சோறு போட்டுட்டீங்க.”

எழுபத்திரண்டு வயதுவரை எத்தனையோ பேரின் புத்திமதி கேட்டிருக்கிறேன். இதுபோல நெஞ்சில் தைத்தது வேறில்லை. அறையைக் கழுவினேன், களத்தைக் கழுவினேன், என்னைக் கழுவிக்கொள்ளவில்லை. அதற்கு முன்னால் எத்தனை தடவை இதே தப்பைச் செய்திருக்கிறேன் என்று அன்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன். 2001-ல் காப்பி விற்கப் போய் வியாபாரியிடம் கூனிக் குறுகித் திரும்பிய ஒரு சாயங்காலம், என் மகன் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசுக் கோப்பையோடு வாசலில் நின்றான். “படிப்புக்குக் கட்டக் காசில்ல, இது ஒரு கேடா?” என்றேன். காப்பி விலைக்கும் அவன் கோப்பைக்கும் என்ன சம்பந்தம்? சந்தை எனக்குப் போட்ட இலையை அப்படியே திருப்பி அவனுக்குப் போட்டேன். அந்தக் கோப்பை அதற்குப் பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

கோபத்தை விட்டுவிடு என்று சொல்வது சுலபம். பாடத்தையும் சேர்த்து விட்டுவிட்டால் அடுத்த மாதமும் சில்லுதான் பொறுக்க வேண்டும். நாங்கள் ஒரு நோட்டுப் போட்டோம். என்ன நடந்தது, இனி என்ன செய்வது என்று மட்டும் அதில் எழுதுவோம். களத்தில் பாட்டில் கூடாது என்பதும் முன்பணம் எவ்வளவு என்பதும் அறை பதிவு செய்யும்போதே எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லப்படும். கேட்டில் நின்று யாருடைய முகத்தைப் பார்த்தும் சொல்லப்படாது. பாடம் நோட்டில் இருக்கட்டும், கோபம் குப்பையோடு போகட்டும். அன்றிலிருந்து ஜன்னலைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் திண்ணையில் உட்காருவேன். வேலைக்கு வருகிறவர்கள் ஐயாவுக்கு மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டார்கள். அதுவும் உண்மைதான்.

விருந்தோம்பல் என்றால் எல்லோரும் குறளின் அனிச்சப்பூவுக்குப் போய்விடுவார்கள். ஒருமுறை தங்க வந்த தமிழாசிரியர் ஒருவர் அதைவிட எனக்கு உதவுகிற ஒன்றைச் சொன்னார். விருந்து என்ற சொல்லுக்கு முதற்பொருளே புதுமைதானாம். தொல்காப்பியத்தில் புதிதாகப் புனைகிற நூல்வகைக்கே அந்தப் பெயர் இருக்கிறதாம். புதிதாக வருவதால் அவர் விருந்து. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது: அவர் மட்டும் புதியவராக இருந்தால் போதுமா? வாசலில் நிற்கிறவன் பழைய கோபத்தோடு நின்றால் அது எப்படி விருந்தாகும்?

ஆள் மாறும்போதுதான் பழைய கோபத்தை விட வேண்டும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கஜா புயல் அதையும் மாற்றியது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் எங்கள் மலை வரைக்கும் வந்தது. மேட்டு வீட்டில் ஒரு குடும்பம். அந்த மனிதர் முந்தின நாள் வந்ததிலிருந்து குறை சொல்லிக்கொண்டிருந்தார். வெந்நீர் சூடில்லை, தலையணை உயரம், ஃபோனில் டவர் இல்லை, சாம்பாரில் காரம். இவர் எப்போது கிளம்புவார் என்று படுக்கும்போது கணக்குப் போட்டேன். விடிந்தபோது பாதை முழுக்க மரங்கள், மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. காப்பி பழுத்து நின்ற சமயம், பாதிப் பழம் மண்ணில். நான் செயலற்று நின்றபோது அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, “அருவா ஒண்ணு குடுங்க” என்று வந்தார். சின்ன வயதில் விறகுக்கடையில் வேலை பார்த்தவராம். பாதை திறக்கும்வரை நாலு நாள் எங்களோடு கஞ்சி குடித்து, கிளை வெட்டி, ஊற்றுப் பைப்பைத் தோளில் சுமந்து வந்து மாட்டினார். முந்தின ராத்திரி நான் முடிவுகட்டிய மனிதர் இவர்தானா?

கதை அழகாக முடிய வேண்டும் என்பதற்காக உண்மையை மறைக்கக் கூடாது. கிளம்பும்போது, “வெந்நீர் மட்டும் கொஞ்சம் கவனிங்க” என்று மறுபடியும் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, அதே ஆளுக்கும் ராத்திரிக்கும் காலைக்கும் நடுவே ஒரு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். மூன்று வீட்டையும் தினம் பெருக்கத் தெரிந்தவன் ஒரே ஒரு அறையை மட்டும் பதினாறு வருடம் பூட்டியே வைத்திருந்தேன்.

அப்பா போன பிறகு பாகப்பிரிவினை. ஊற்று யார் பங்கில் என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் தகராறு. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஊற்றை என் பக்கம் விட்டார்கள். அண்ணன் தன் பங்கை விற்றுவிட்டு வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போனார். ஊற்று வந்தது, அண்ணன் போனார். தினம் விடியலில் போய்ப் பார்க்கிறேனே, அந்த ஊற்றுதான். வாரம் ஒருமுறை காய்கறிக்கும் மளிகைக்கும் வத்தலக்குண்டு போகும்போது அவர் தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன். முன்பின் தெரியாதவர்களை ஒரு மணிக்குச் சிரித்த முகத்தோடு கூப்பிடுகிறவன், கூடப் பிறந்தவரின் வாசலைப் பதினாறு வருடம் சுற்றிக்கொண்டு போனேன்.

போன தை மாதம் ஒரு நாள் மார்க்கெட்டில் வேலை முடிந்து ஜீப்பில் ஏறினேன். பேரன் வழக்கமான வழியில் திருப்பப் போனான். “நேரா போடா” என்றேன்.

அண்ணன் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். நான் என்ன பேசுவதென்று மலையிலிருந்து யோசித்துக்கொண்டு வந்த ஆள் இல்லை. “மிளகு என்ன விலைண்ணே போகுது இங்க?” என்று கேட்டேன். சொன்னார். பத்து ரூபாய் கூடத்தான் சொன்னார். ஊற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பேரனைப் பார்த்து, “அப்பா மாதிரியே நெத்தி” என்றார். எங்கள் அப்பாவைத்தான் சொன்னார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பன்னிரண்டே முக்கால். “ஒரு மணிக்கு ஆளுக வர்றாங்கண்ணே, கெளம்பணும்” என்றேன். “அவங்க வருவாங்க, இருப்பாங்க. நீ கையக் கழுவு” என்றார்.

உள்ளே அண்ணி வாழை இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.