முன்னுரிமை உங்களுக்கே என்றாலும்

2025 மே 13. பேராக்கின் தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி பாதுகாப்புப் பணியை முடித்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீஸ் வாகனமும் கல் ஏற்றி வந்த லோரியும் மோதிக்கொண்டன. 9 போலீஸ்காரர்கள் இறந்துபோனார்கள். நம் திருவிழாவுக்குக் காவல் நின்றவர்கள். லோரியில் பாரம் அளவுக்கு மீறி இருந்ததையும், ஸ்டீயரிங் பழுதானதையும் விசாரணை வெளிக்கொண்டு வந்தது.

பேராக்கில் லோரி ஓட்டும் தம்பிகளே, முதலில் வழிவிடும் முறையைப் பார்ப்போம். ரவுண்டபவுட்டில் வலப்பக்கம் வருபவருக்கு வழிவிட வேண்டும். கிளைச் சாலையிலிருந்து ஏறுபவர் பெரிய சாலைக்கு வழிவிட வேண்டும். ஜிடிஎல் எனும் சரக்கு வாகன உரிமம் எடுத்த எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் பழைய ரப்பர் தோட்டத்து முச்சந்திகளைப் பாருங்கள். இன்று சாலையோரம் வரை செம்பனை அடர்ந்து நிற்கிறது. விடியற்காலையில் தோட்டத்துக்குள்ளிருந்து மோட்டாரில் வேலைக்குக் கிளம்பும் அக்காவுக்கு உங்கள் லோரி தெரியாது. உங்களுக்கும் அவர் தெரியமாட்டார். முன்னுரிமை உங்களுக்குத்தான். ஆனாலும் வேகத்தைக் குறையுங்கள். பாரம் ஏற்றிய லோரி பிரேக் மிதித்த இடத்தில் நிற்காது.

முதலாளிமார்களே, பாரத்தைக் கூட்டி, பழுதைக் கண்டும் காணாமல் விட்டால், ஓட்டுநர் எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும் பயனில்லை.

தம்பி, பழுதான லோரியை எடுக்கமாட்டேன் என்று துணிந்து சொல்லுங்கள். ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும்; உயிர் போனால் வராது.