முள் எப்ப ஏறுச்சு?

மே மாசம் வந்துட்டா புனே, மும்பை, ஹைதராபாத்னு சிதறிக் கிடக்கிற நம்ம ஆளுங்க குடும்பத்தோட கார்லயே ஊருக்குக் கிளம்பிடறோம். டயர்ல காத்து பார்க்கறோம், டேங்கை ரொப்பறோம், எலுமிச்சம்பழம்கூட நசுக்கறோம். டேஷ்போர்டுல 'சி'க்கும் 'எச்'சுக்கும் நடுவுல ஒரு முள் இருக்கே, அதை மட்டும் யாரும் பார்க்கறதில்லை. அது நகரும்போதுதான் பார்க்கறோம்!

அந்த முள் கொஞ்சம் பூசி மெழுகற ஆசாமி. இப்போ ஓடற பல கார்கள்ல எஞ்சின் சூடு பத்து இருபது டிகிரி ஏறி இறங்கினாலும் முள் நடுவுலயே நிக்கற மாதிரிதான் வெச்சிருக்காங்க, நாம பயந்துடக் கூடாதுன்னு. அதனால நடுவைத் தாண்டிடுச்சுன்னா, விஷயம் ஏற்கெனவே முத்தியாச்சுன்னு அர்த்தம்.

2019 மே. புனேயில இருந்து மதுரைக்கு, 1,200 கிலோமீட்டருக்கு மேல. மறுநாள் விட்டு மறுநாள் தங்கச்சி பொண்ணுக்குக் காது குத்து. தாய்மாமன் மடி இல்லாம எப்படிக் குத்துவாங்க? பின் சீட்ல அம்மா, மனைவி, குழந்தைங்க, சீர் சாமான். சதாராவுக்கு முன்னாடி கம்பாட்கி காட் இருக்கு பாருங்க, புனே வர்றவங்களுக்குக் குகைப் பாதை, நமக்குத்தான் அப்போ மலை ஏத்தம். லாரி வரிசைக்குப் பின்னால ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்துக்கிட்டிருக்கோம். முள் முக்காலுக்குப் போயிடுச்சு.

ஏசியை அணைச்சு, ஹீட்டரை முழுசாத் திருப்பினேன். மே மாசத்துல ஹீட்டரான்னு பின்னாடி ஒரே கூச்சல். ஹீட்டருங்கறது குட்டி ரேடியேட்டர் மாதிரி, எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கும். அதோட ஒரு தகவலும் கிடைக்கும்: சூடான காத்து வந்தா தண்ணி சுத்துது. முள் மேல இருக்கும்போது ஹீட்டர்ல சில்லுனு காத்து வந்தா தண்ணியே இல்லை, வண்டியை அங்கயே நிறுத்திடணும். எங்களுக்கு அனல் அடிச்சுது. முள் மெல்ல இறங்குச்சு.

மேல அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டினேன். பக்கத்து சீட்ல அப்பா. முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டினவர். "முள் எங்க நிக்குதுன்னு பாக்காதடா, எப்ப ஏறுச்சுன்னு சொல்லு"ன்னார். வைத்தியர் கேக்கற மாதிரி இருந்தாலும் பாதி வேலை அந்தக் கேள்வியிலயே முடிஞ்சுது.

ஹைவேயில நல்லா இருந்து, சிக்னல்லயும் மெதுவான ஏத்தத்துலயும் ஏறினா, முதல் சந்தேகம் ஃபேன் மேல. வேகமாப் போனா எதிர்காத்தே ரேடியேட்டரை ஆத்திடும், நின்னா ஃபேன்தான் கதி. வேகத்துலயும் ஏறினா ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், திறக்காத தெர்மோஸ்டாட்னு தேடணும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில காலையில சாவி போட்டதுமே முள் மேல நின்னா அது சூடே இல்லை, சென்சாரோ ஒயரோதான். காலி பண்ண வேண்டியது அந்தக் கோளாறை, எஞ்சினை இல்லை.

அரை மணி நேரம் ஆற விட்டோம். ரேடியேட்டர் மூடியைத் தொடவே இல்லை. மூடியோட அழுத்தத்துலதான் உள்ள இருக்கிற தண்ணி நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம அடங்கியிருக்கு. திறந்த அந்த நொடி மூஞ்சியில பொங்கும். மேல் ஹோஸைத் தொட்டா ஆறியிருக்கணும், அமுக்கினா மெத்துனு இருக்கணும், அப்புறம்தான் மூடி.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டுப் பார்த்தேன். ஃபேன் சுத்தியாகணும், சுத்தலை. ஃபியூஸ் நல்லாத்தான் இருந்துது. எங்க வண்டியில ஹாரன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒரே நம்பர், மாத்திச் சொருகினேன். கிர்ருனு சுத்துச்சு! (ஃபேன் பக்கம் விரலைக் கொண்டு போகாதீங்க, சாவியை எடுத்த பிறகும் திடீர்னு சுத்தும்.)

சதாரா வரைக்கும் ஹாரன் இல்லாத பயணம். அங்க ஒரு மெக்கானிக் புது ரிலே போட்டுட்டு, "தெர்மோஸ்டாட்டையும் கழட்டிடலாம், உங்க ஊர் வெயிலுக்கு நல்லது"ன்னார் ஹிந்தியில. அப்பாவுக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது, ஆனா 'தெர்மோஸ்டாட்' புரிஞ்சுது. தமிழ்லயே "அதைத் தொடாத தம்பி"ன்னுட்டார். மெக்கானிக்குக்கும் புரிஞ்சுது. சுமார் 82, 88 டிகிரியில திறக்கற வால்வு அது. கழட்டிட்டா எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோலைக் குடிக்கும். டெல்லிப் பக்கம் இருக்கறவங்களுக்குக் குளிர்ல ஹீட்டரும் சரியா வராது.

இன்னொண்ணு. மேல போன முள், நீங்க ஒண்ணுமே செய்யாம சடார்னு கீழ விழுந்தா "அப்பாடா, சரியாயிடுச்சு"ன்னு கிளம்பிடாதீங்க. சென்சார் தண்ணியில முங்கியிருந்தாத்தான் நிஜம் சொல்லும். தண்ணி மொத்தமா வெளியே போயிட்டா அது வெறும் காத்தைத்தான் அளக்கும், முள்ளும் சாதுவா 'சி' பக்கம் சாயும். எஞ்சின் உள்ள வெந்துக்கிட்டிருக்கும். உடனே அணைச்சிடுங்க. ஆறறதுக்கு முன்னாடி பச்சைத் தண்ணியையும் ஊத்தாதீங்க, ஹெட் விரிசல் விட்டுடும்.