பத்து நிமிடச் சமையல்

அக்காவுக்குக் காலை ஷிஃப்ட் மாறியதிலிருந்து, அவள் மகனுக்குப் பசியாறக் கொடுத்து பாலர் பள்ளியில் விடுவது என் வேலை. அவனுக்கு 4 வயது. எடை குறைவு என்று கிளினிக்கில் சொன்னதும், "நான்தான் சரியா பாக்கல" என்று அக்கா அழுதுவிட்டாள்.

இணையத்தில் தேடினேன். எல்லாக் குறிப்புகளும் 10 நிமிடத்தில் முடிந்தன. சுகாதார அமைச்சின் 'சுகு-சுகு-செபாரு' தட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ முட்டையோ, மீதிப் பாதி காய்கறியும் பழமும். ஐஸ்பெட்டியில் இருந்த ராத்திரிச் சோற்றில் முட்டை உடைத்து ஊற்றி, பொடியாக அரிந்த பாயம் கீரை, வறுத்துப் பொடித்த நெத்திலி சேர்த்துக் கிளறினேன். ஓரத்தில் பப்பாளி. 9 நிமிடம்தான். எஞ்சினியர் மாமாவுக்குப் பெருமை.

அவன் சாப்பிடவில்லை. கீரையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக வைத்தான். நான் மணியைப் பார்த்து, "சீக்கிரம்டா" என்றேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டான். மூன்று நாள் வெறும் மைலோவோடு பள்ளிக்குப் போனான்.

சனிக்கிழமை அவசரம் இல்லை. அதே சோற்றை நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பொறுக்கி வைத்த கீரையை முதலில் அவனுடைய பிளாஸ்டிக் டைனோசர் தின்றது. பிறகு அவன் தின்றான். தட்டு காலியாக 40 நிமிடம்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன்: "சமைக்க பத்து நிமிஷம் போதும்கா. அவன் சாப்பிடத்தான் நாப்பது வேணும்."

தினமும் 5.30க்கு ஃபேக்டரி பஸ் ஏறுகிறவள் அவள். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அந்த நாப்பதுதான்டா தம்பி என்கிட்ட இல்ல" என்றாள்.

திங்கட்கிழமைக்கு அலாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன்.