முதல் பூட்டிலேயே வைஃபை

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் எங்க ஊர் அக்காவின் மகளுக்கு, செம்பூர் வீட்டில் வைத்து ஒரு பழைய லேப்டாப்பில் டெபியன் 12 போட்டுக் கொடுத்தேன். பத்தாவது பாஸ். பதினோராம் வகுப்பு அட்மிஷன் ஃபார்மை ஆன்லைனில் நிரப்ப மறுநாள் கடைசி.

என் வீட்டில் லேன் கேபிள் செருகியிருந்ததால் எல்லாம் ஜோராக ஓடியது. தாராவியில், அவர்கள் வீட்டு மாடியில் திறந்தால் வைஃபையையே காணோம்.

"மாமா, நெட் வரலியே?"

இத்தனை வருஷம் லினக்ஸில் குப்பை கொட்டியவன் ஙே என்று விழித்தேன்.

உள்ளே இருந்தது பழைய பிராட்காம் சிப். அதற்கான பி43 டிரைவர் கெர்னலோடு வந்துவிடும். ஆனால் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் தனி. 2022-ல் ஓட்டெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரையும் இன்ஸ்டாலரிலேயே சேர்த்தார்கள். இந்தச் சிப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மற்றவர்கள் விநியோகிக்க அனுமதி கிடையாது. இதற்கென்று ஒரு பேக்கேஜ் உண்டு. அதை பென்டிரைவில் கொண்டுபோயும் பிரயோஜனமில்லை, ஃபர்ம்வேரை அது நெட்டிலிருந்துதான் இறக்கும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் :-)

கடைசியில் என் போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டேன். லினக்ஸ் அதை லேன் மாதிரியே எடுத்துக்கொண்டது. கான்ட்ரிப் பகுதியைச் சேர்த்து, பேக்கேஜை இறக்கி, ரீபூட் செய்ததும் வைஃபை வந்தது. ஃபார்மை அனுப்பி முடிக்கும்போது ராத்திரி பதினொன்று. அக்கா மாவு அரைக்கக் கிளம்பாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதுதான் எனக்கு உறுத்தியது.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அதே மாடல் லேப்டாப். இந்த முறை முதல் லேப்டாப்பின் ஃபர்ம்வேர் ஃபோல்டருக்குள் இருந்த பி43 ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். இன்ஸ்டாலர் 'முடிந்தது, ரீபூட் செய்' என்று கேட்கும் திரையில் அவசரப்படக் கூடாது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தினால் ஷெல் வரும். புது சிஸ்டம் அப்போது 'டார்கெட்' டைரக்டரியில் மவுண்ட் ஆகியிருக்கும். அதன் லிப், ஃபர்ம்வேர் இடத்தில் பி43 ஃபோல்டரைப் போட்டுவிட்டு ரீபூட் செய்தேன். லேன் கேபிளை முன்பே பிடுங்கி வைத்திருந்தேன், சந்தேகப் பிராணி!

முதல் பூட்டிலேயே அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன.