எழுத்து இங்கே, தாலி அங்கே

திருமணம் என்பது இருவர் கூடும் நிகழ்ச்சி மட்டுமன்று. அக்கூட்டத்தை அறிந்தோர் முன்னிலையில் நிலைநாட்டும் நிகழ்ச்சியுமாகும். எப்போது நடத்துவது என்பதே நம்மவரிடையே பெருவினாவாக இருந்து வந்தது. எங்கே நடத்துவது என்பதற்குப் பெண் வீடு, கோயில், பிற்காலத்தில் மண்டபம் என்ற அளவிலேயே விடை அமைந்தது. ஆனால், மணமக்கள் இருவரும் பிறவாத, வாழாத, உறவினர் எவருமில்லாத ஒரு வெயில் நாட்டுக் கடற்கரையைத் தேர்ந்து, விருந்தினரை அங்கு வரவழைத்து மணம் முடிக்கும் வழக்கம் இன்று மேலைநாடுகளில் வேரூன்றியுள்ளது. குளிர்நாட்டார் கிரேக்கத் தீவுகளையும் இத்தாலியையும் போர்த்துக்கல்லையும் இதற்கென நாடுகின்றனர். எமது நாட்டின் பெந்தோட்டையும் காலியும்கூட அவர்களுக்கு அத்தகைய இடங்களே. அவ்வழக்கம் எமது குடும்பத்தினுள்ளும் புகுந்தபோதுதான் அதன் உட்பொருளைச் சிந்திக்கும் தேவை எனக்கு ஏற்பட்டது.

மணமகள் என் பெரியம்மாவின் மகள், ரொறன்ரோவிற் பிறந்தவள். மணமகன் இலண்டனிற் பிறந்தவர். இருவரும் தேர்ந்துகொண்ட இடம் போர்த்துக்கல்லின் தென்கோடியிலுள்ள அல்கார்வே. இதனைச் செல்வச் செருக்கு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் அது நியாயமாகாது. ரொறன்ரோவில் வைத்தால் மாப்பிள்ளை வீட்டார்க்குத் தூரம். இலண்டனில் வைத்தால் பெண் வீட்டார்க்குத் தூரம். ஏனைய உறவினர் பரிஸிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் சிதறியுள்ளனர். யாழ்ப்பாணத்தில் வைக்கலாமே என்று கேட்டவர்கள் இருந்தனர். மணமகனின் தந்தையார் பிறந்த வீடு வலிகாமம் வடக்கில் இருந்தது. 1990இல் அப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்த பின்னர் பல்லாண்டுகள் அது உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்தது. காணி மீண்டது, வீடு மீளவில்லை. மகனின் பந்தற்காலை நடுவதற்கு முற்றமில்லாத ஊருக்கு வர அவர் மனம் ஒப்பவில்லை. எல்லார்க்கும் பொதுவான ஊர் ஒன்று இல்லாது போன நிலையில், எவர்க்கும் உரித்தில்லாத ஊர் ஒன்று பொது இடமாயிற்று எனலாம்.

அல்கார்வே என்ற பெயர் மேற்கு எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அத்திலாந்திக் கரையோரம், செம்மஞ்சட் பாறைகளுக்கிடையே மணல் விரிந்த நிலம். 1965இல் பாரோ நகரில் விமான நிலையம் திறக்கப்பட்ட பின்னர், மீன்பிடிக் கிராமங்கள் பல விடுதி நகரங்களாயின. அந்நாடு நமக்கு முற்றிலும் அந்நியமானதுமன்று. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் இழக்கும்வரை ஆண்டவர் போர்த்துக்கேயர். மணப்பந்தலில் நாம் இருக்கும் கதிரையும், பலகாரத் தட்டை வைக்கும் மேசையும், கூறைச்சேலையைப் பூட்டிவைக்கும் அலமாரியும் அவர்கள் மொழி விட்டுச்சென்ற சொற்களே.

இத்திருமண ஒழுங்குகளில் ஊரிலிருந்து செய்யவேண்டியவை என் பொறுப்பில் விடப்பட்டன. முதலாவது நாள் பார்த்தல். ஐரோப்பியரின் விடுமுறைக் காலம் உச்சமடையும் ஆடி நமக்கு விலக்கு. ஆகவே ஆனி மாதச் சனிக்கிழமை ஒன்று தெரிவாயிற்று. ஊர்ப் பஞ்சாங்கத்தில் உள்ளபடி இராகு காலத்தை ஒன்பது முதல் பத்தரை வரை என்று குறித்து அனுப்பிவிடலாமென வீட்டார் கருதினர். குருக்கள் ஐயா அதற்கு இசையவில்லை. இராகு காலம் என்பது சூரிய உதயத்துக்கும் அத்தமனத்துக்கும் இடைப்பட்ட பொழுதின் எட்டிலொரு பங்கு. ஆனி மாதத்தில் யாழ்ப்பாணத்துப் பகல் ஏறத்தாழ 12 மணி 40 நிமிடம். அல்கார்வேயின் பகலோ ஏறத்தாழ 14 மணி 40 நிமிடம். அங்கே சூரியன் ஆறேகால் அளவில் உதித்து, இரவு ஒன்பதை அண்டி மறைகிறது. எனவே சனிக்கிழமை இராகு காலம் அங்கே காலை 9.50 அளவில் தொடங்கி 11.40 வரை நீளும். இறுதியில் காலை எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடையே முகூர்த்தம் வைக்கப்பட்டது. விடுதியார் வியந்தனர். அவர்களது வழக்கில் மணச்சடங்கு மாலை ஆறு மணிக்கு. படப்பிடிப்பாளருக்கு வேண்டியது அந்திவெயில்.

அடுத்து எழுந்தது அக்கினி. அல்கார்வேயின் மொன்சிக் மலைப்பகுதியில் 2018 ஆகஸ்ட்டில் மூண்ட காட்டுத்தீ ஏறத்தாழ 27,000 ஹெக்ரேயர் நிலத்தை எரித்தது. கோடையில் திறந்த வெளியில் நெருப்பு மூட்டுவதற்குக் கடுங் கட்டுப்பாடுகள் உண்டு. ஆதலின் ஓமகுண்டம் கடற்கரையிலிருந்து விடுதியின் கல்முற்றத்துக்கு மாறியது. அருகே தண்ணீரும் தீயணைகருவியும் வைக்கவேண்டுமென்பது நிபந்தனை. பின்னர் மங்கலப் பொருள்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, வெளிநாட்டிலிருந்து பயணிகள் கொண்டுவரும் தாவரப் பொருள்களுக்குப் பொதுவாகத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சம்பழம், துரியன் ஆகிய ஐந்து கனிகளுக்கு மட்டும் அது வேண்டியதில்லை. தேங்காயும் வாழைப்பழமும் தடையின்றி நுழையலாம். வெற்றிலையும் மாவிலையும் அறுகம்புல்லும் சான்றிதழின்றி நுழையமுடியா.

மனிதர்க்கான விதி இதனினும் நுட்பமானது. கனடா, பிரித்தானியக் கடவுச்சீட்டு உடையோர்க்கு அங்கு குறுகியகாலம் தங்க விசா வேண்டியதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் ஷெங்கன் விசா பெறவேண்டும். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்னரன்றி விண்ணப்பிக்க இயலாது. 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கணக்கறிக்கை, தொழிற் சான்று, திரும்பிவரும் பயணச்சீட்டின் முன்பதிவு ஆகியனவும் வேண்டும். அம்மம்மாவுக்கும், அவரைக் கூட்டிச்செல்லவிருந்த சின்ன மாமாவுக்குமான கோவைகளை நானே அடுக்கினேன். எண்பத்தொரு வயதான அம்மம்மாவுக்கு விசா கிடைத்தது, மாமாவுக்குக் கிடைக்கவில்லை. மறுப்புப் படிவத்தில் காரணங்கள் முன்னரே அச்சிடப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றுக்கு எதிரே அடையாளமிடப்பட்டிருந்தது. விசா முடியுமுன் அவர் நாடு திரும்புவார் என்பதில் நியாயமான ஐயம் உண்டாம். தோட்டத்தையும் தாயையும் விட்டு ஒரு கிழமைக்கு மேல் எங்கும் தங்கியிராத மனிதர் அவர். தனியே பறக்க அம்மம்மாவால் இயலாது. ஆக, மணமகளின் தாய்மாமனும் பேத்தியாரும் ஒரே அடையாளக் கோட்டினால் பந்தலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

இச்செய்தி ரொறன்ரோவை எட்டியபோது விடுதிக்கு முற்பணம் கட்டியாயிற்று; பலர் பயணச்சீட்டும் வாங்கிவிட்டனர். இடத்தை மாற்றல் இயலாதென்று பெரியப்பா கூறினார். அக்கா ஒரு வழி கண்டாள். வெளிநாட்டில் மணச்சடங்கு நடத்தும் பலர் சட்டப்படியான பதிவை முன்கூட்டியே தம் நாட்டிற் செய்துகொண்டு, அங்கே சடங்கை மட்டும் நடத்துவர். போர்த்துக்கல்லிற் பதிவதற்கு வேண்டிய பத்திரங்களும் மொழிபெயர்ப்புகளும் அத்தனை. பதிவை எங்கேனும் செய்யத்தான் வேண்டுமெனின், அதை யாழ்ப்பாணத்திற் செய்யலாமே என்றாள். சித்திரையில் இருவரும் வந்தனர். உரிய நியமங்களை நிறைவேற்றிய பின், 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, அம்மம்மாவின் வீட்டு விறாந்தையில் எழுத்து நடந்தது. சாட்சிகள் இருவர்: அம்மம்மாவும் மாமாவும். மணமகனின் தந்தையாரும் வந்திருந்தார். மறுநாட் காலை அவர் மகனுடன் வலிகாமம் வடக்குக்குப் போய்த் திரும்பினார். போன இடத்தைப் பற்றி எவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

சிக்கல் தீர்ந்ததென்றே நாங்கள் எண்ணினோம். அம்மம்மா அவ்வாறு எண்ணவில்லை. கையொப்பமிட்ட பேனையை மூடியபடி அவர் கேட்டார்: “எழுத்துக்கு நான் இருந்திட்டன். தாலிக்கு ஆர் இருக்கினம்?”

இவ்வினா உணர்ச்சிப் பேச்சன்று. அதில் ஒரு கோட்பாடு உண்டு. ஐரோப்பாவிலும் சாட்சியே ஒருகாலத்திற் பெருவினாவாயிருந்தது. மறைவில் நடந்த மணங்களால் எழுந்த வழக்குகளைத் தடுக்கவே, பங்குக் குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் இன்றி நடக்கும் மணம் செல்லாதென்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் விதித்தது. அரசின் பதிவேடு அம்மரபின் வழிவந்தது. அதற்கு இரண்டு கையொப்பங்கள் போதும். ஆனால் அறுகரிசி போடுதற்கு எண் வரையறை இல்லை. எவரெவர் இத்தம்பதியரின் நாளைய துன்பத்திற் பங்கேற்கக் கடமைப்பட்டவரோ, அவரெல்லாம் வரிசையில் வந்து இருவரையும் வாழ்த்தவேண்டும். சட்டத்தின் சாட்சி நடந்ததைச் சொல்பவர். சடங்கின் சாட்சி இனி நடப்பதற்குப் பொறுப்பேற்பவர். இவ்வேறுபாட்டையே அம்மம்மாவின் கேள்வி சுட்டியது.

அதனால் வெளிநாட்டுக் கடற்கரையில் மணம் செய்தல் தவறென்று முடிவுகட்ட நான் துணியேன். சிதறிய சமூகம் கூடுதற்கு ஓரிடம் வேண்டும்; அவ்விடம் அழகாயிருப்பதிற் குற்றமுமில்லை. குறை திட்டமிடும் முறையிலேயே உள்ளது. இடம் முதலிற் குறிக்கப்படுகிறது. பின் நாள், உணவு, ஒளி, இறுதியில் அழைப்புப் பட்டியல். இவ்வரிசை தலைகீழாதல் வேண்டும். யாருடைய கடவுச்சீட்டு மிக நலிந்ததோ, யாருடைய முழங்கால் மிகத் தளர்ந்ததோ, யாருடைய பணப்பை மிக மெலிந்ததோ அவரிடமிருந்து கணக்கைத் தொடங்கி, அவர் எட்டக்கூடிய இடங்களுள் அழகான ஒன்றைத் தேர்தலே முறை. வலுவான கடவுச்சீட்டு உள்ளவர் எங்கும் வருவர். அவர்களுக்காக இடம் தேடவேண்டியதில்லை.

இக்கட்டுரை அச்சேறும்போது ஆனி பிறந்து, அத்திருமணமும் நிறைவேறியிருக்கும். அங்கே காலை ஒன்பதெனில் இங்கே பிற்பகல் ஒன்றரை. கைத்தொலைபேசித் திரையில் தாலிகட்டு தெரியும், கெட்டிமேளமும் கேட்கும். அவ்வேளைக்கென அறுகும் அரிசியும் கலந்து வைக்கும்படி அம்மம்மா இப்போதே சொல்லிவிட்டார். அதைத் திரையின்மீது தூவுவதா, கிழக்கு நோக்கித் தூவுவதா என்பதை மட்டும் குருக்கள் ஐயாவிடம் கேட்டுவரும்படி என்னைப் பணித்திருக்கிறார்.